எல்லை மரத்துக்கு அப்பால்
(அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் வரலாறு)

கி.பி. 1184ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டமாஸ்கஸ் நகரிலிருந்து வணிகச் சாத்து ஒன்று மேற்கு நோக்கிப் புறப்பட்டது. அது செல்ல வேண்டிய இடம் கடற்கரைத் துறைமுகமான அக்கா. டமாஸ்கஸ் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சியில் இருந்தது. அக்காவோ சிலுவைப் போராளிகளான ஃபிராங்கியரின் கையில் இருந்தது. அந்நாட்களில் சுல்தானின் படை கரக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. போரில் பிடிபட்ட ஃபிராங்கியக் கைதிகள் டமாஸ்கஸுக்குள் கொண்டுவரப்பட்டுக் கொண்டிருந்தனர். எதிரி நாட்டின் கைதிகள் ஒரு வாயிலில் நுழைய, எதிரி நாட்டுக்குச் செல்லும் வணிகர்கள் மற்றொரு வாயிலில் வெளியேறினர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. இந்த விந்தையைக் கண்டு தம் நாட்குறிப்பில் பதிவு செய்தவர், அச்சாத்தில் இருந்த முப்பத்தொன்பது வயது மேற்றிசைப் பயணி ஒருவர். அவர்தாம் அபுல் ஹுஸைன் முஹம்மது இப்னு அஹ்மது இப்னு ஜுபைர்.

பயணி என்றதும் நம் மாணவர்கள் இப்னு பதூதாவின் பெயரையே சொல்லுவர். மதுரைக்கு வந்து சென்றவர் என்பதால் அவர்பால் நமக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஆயினும் இப்னு பதூதாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்டவர் இப்னு ஜுபைர். இப்னு பதூதாவின் நூலை எழுத்தில் வடித்த இப்னு ஜுஸய், மக்கா, டமாஸ்கஸ், அலெப்போ முதலிய நகரங்களின் வருணனைக்கு இப்னு ஜுபைரின் பக்கங்களையே பெரிதும் எடுத்தாண்டார் என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். மூத்தவரின் சொத்தை இளையவர் பெயரில் நாம் அனுபவித்து வருகிறோம் எனலாம்.

இப்னு ஜுபைர் ஹிஜ்ரி 540இல், அதாவது கி.பி. 1145இல், அந்தலூசியாவின் பலன்ஸியா நகரில் பிறந்தார். இன்று ஸ்பெயின் நாட்டில் வாலென்சியா எனப்படுவது அதுவே. தந்தையார் ஷாத்திபா நகரில் அரசுப் பணியாற்றியவர். காகிதத் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த அந்நகரிலேயே மகனும் கல்வி கற்றார். மார்க்க ஞானமும் கவிதைத் திறனும் அழகிய உரைநடையும் கைவரப் பெற்றமையால், கர்னாத்தா எனப்பட்ட கிரனடா நகரில் முவஹ்ஹிதீன் அரச மரபைச் சேர்ந்த ஆளுநரிடம் செயலாளராக அமர்ந்தார். அவர் வாழ்ந்த அந்தலூசியாவே இரண்டுபட்ட நிலம். வடக்கே காஸ்டில், அரகோன் முதலிய கிறித்தவ அரசுகள். தெற்கே முஸ்லிம் ஆட்சி. நடுவே ஆண்டுதோறும் நகர்ந்து கொண்டிருந்த எல்லை. அந்த எல்லையின் நிழலில் வளர்ந்தவர் கண்கள் பிற்காலத்தில் வேறோர் எல்லையை எவ்வளவு கூர்ந்து நோக்கின என்பதே நாம் காணப்போவது.

அவர் பயணம் மேற்கொண்டதற்குப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒரு கதை சொல்கின்றனர். ஆளுநர் ஒருநாள் மதுவருந்திக் கொண்டே கடிதம் எழுதுவிக்கையில், தம் செயலாளரையும் ஏழு கிண்ணம் அருந்துமாறு வற்புறுத்தினாராம். மறுக்க இயலாமல் அருந்திய செயலாளரின் முகவாட்டத்தைக் கண்டு மனம் வருந்தி, அதே கிண்ணத்தை ஏழுமுறை பொற்காசுகளால் நிரப்பிக் கொடுத்தாராம். அக்காசுகளைக் கொண்டே பாவப் பரிகாரமாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார் இப்னு ஜுபைர் என்பது அக்கதை. அவருடைய நூலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனை நான் முற்றிலும் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை.

1183ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில், மருத்துவரான அஹ்மது இப்னு ஹஸ்ஸான் என்னும் நண்பருடன் கிரனடாவை விட்டுப் புறப்பட்டார். சப்தா துறைமுகத்தில் அவர் ஏறியது ஜெனோவா நகரக் கிறித்தவர்களின் கப்பல். அக்காலத்து மத்தியதரைக் கடலில் நெடுந்தொலைவு ஓடிய பெருங்கலங்களில் பல இத்தாலிய வணிகர்களுடையவை. மக்காவை நாடிச் செல்லும் ஹாஜி, சிலுவைக் கொடி பறக்கும் கலத்தில்தான் பயணம் செய்ய வேண்டியிருந்தது. சார்டினியா, சிசிலி, கிரீட் தீவுகளைக் கடந்து முப்பது நாளில் அலெக்ஸாந்திரியா எனப்படும் இஸ்கந்தரிய்யாவை அடைந்தார்.

சகோதர முஸ்லிம்களின் நாட்டில் கால் வைத்த அந்த முதல் நாள் அவர் மனத்தில் ஆறாத வடுவை உண்டாக்கிற்று. சுங்க அலுவலர்கள் கப்பலில் ஏறி ஒவ்வொருவர் பெயரையும் எழுதினர். கையிலுள்ள பொருளுக்கும் காசுக்கும் ஜகாத் கேட்டனர். ஒரு பொருள் உரிமையாளர் கையில் ஓராண்டு நிறைந்திருந்தால்தான் அதற்கு ஜகாத் கடமையாகும். ஓராண்டு நிறைந்ததா என்று ஒருவரும் வினவவில்லை. பயணிகள் சாமான்களுடன் சுங்கச்சாவடிக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். மூட்டைகள் அவிழ்த்துக் கொட்டப்பட்டன. இடுப்புக் கச்சைக்குள் கைகள் நுழைந்தன. மறைத்தது ஏதும் இல்லை என்று சத்தியம் செய்யுமாறு பணிக்கப்பட்டனர். நெரிசலில் பலருடைய பொருள்கள் காணாமற் போயின. வழிபாட்டுக்கு வந்தவர்கள் குற்றவாளிகளைப் போல் தலைகுனிந்து நின்றனர்.

இப்னு ஜுபைர் இதனை ஒளிவு மறைவின்றி எழுதினார். நீதிமானாகிய ஸலாஹுத்தீன் இதனை அறியமாட்டார், அறிந்தால் நீக்கிவிடுவார் என்றும் சேர்த்து எழுதினார். சுல்தான்பால் அவருக்கிருந்த மதிப்பு அத்தகையது. அதே நகரில் அயலூர் மாணவர்க்கென அமைந்த கல்விக்கூடங்களையும் விடுதிகளையும் மருத்துவமனையையும், மேற்றிசையிலிருந்து வரும் வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் இரண்டு ரொட்டி வழங்க சுல்தான் செய்திருந்த ஏற்பாட்டையும் அவர் மனமாரப் புகழ்ந்தார். அந்நகரில் மற்றொரு காட்சியையும் கண்டார். செங்கடலில் புகுந்து ஹாஜிகளின் கலங்களை எரித்து, மதீனாவை நோக்கி முன்னேற முயன்று பிடிபட்ட ஃபிராங்கியர்கள், ஒட்டகங்களின் மேல் வால்பக்கம் நோக்கி அமர்த்தப்பட்டுத் தெருவழியே கொண்டு செல்லப்பட்டனர்.

நைல் நதி வழியே தெற்கே சென்று, கூஸ் என்னும் ஊரிலிருந்து பாலைவனம் கடந்து, செங்கடல் கரையிலுள்ள ஐதாப் துறையை அடைந்தார். எதிர்ப்பட்ட ஒட்டகச் சாத்துகளை எண்ணத் தொடங்கி, எண்ண மாட்டாமல் விட்டுவிட்டார். அவற்றின் சுமையிற் பெரும்பகுதி நம் இந்தியக் கடற்கரையிலிருந்து சென்ற மிளகு! சுமந்து செல்ல ஆளில்லாத மூட்டைகள் பாதையோரத்தில் கிடந்தும் ஒருவரும் தொடாதது அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஐதாபில் ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட கலங்களை விரிவாக வருணிக்கிறார். அவற்றுக்குரிய மரமும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்ததாம். கோழிகளைக் கூடையில் அடைப்பது போல ஹாஜிகளை அக்கலங்களில் அடைத்த உரிமையாளர்களின் பேராசையைக் கடுமையாகச் சாடினார். முன்பு தலைக்கு ஏழரை தீனார் வரி செலுத்த இயலாத ஹாஜிகள் அங்கே சித்திரவதைக்கு ஆளாயினர். ஸலாஹுத்தீன் அவ்வரியை நீக்கி, அதற்கு ஈடாக மக்காவின் அமீருக்குப் பணமும் கோதுமையும் அனுப்பி வந்தார்.

1183 ஆகஸ்டில் மக்காவை அடைந்து எட்டு மாதங்கள் தங்கி, 1184 மார்ச்சில் ஹஜ்ஜை நிறைவேற்றினார். கஃபாவையும் ஹரம் ஷரீஃபையும் அவர் அடி அடியாக அளந்து எழுதிய பகுதி, இன்றும் கட்டட வரலாற்றாசிரியர்களுக்குத் துணை நிற்கிறது. பின்னர் மதீனா, கூஃபா, பக்தாத், மோசுல், அலெப்போ வழியே டமாஸ்கஸ் வந்து சேர்ந்தார். பக்தாதில் இமாம் இப்னுல் ஜவ்ஸியின் சொற்பொழிவைக் கேட்டு உருகியதை அவர் எழுதிய பக்கங்கள் தனியே படிக்கத்தக்கவை. இங்கே அவற்றை விரிக்க இடமில்லை. நாம் தொடக்கத்தில் கண்ட சாத்துக்குத் திரும்புவோம்.

டமாஸ்கஸுக்கும் அக்காவுக்கும் இடையே பானியாஸ் என்னும் ஊர். அதன் அருகிலுள்ள சமவெளியில் ஃபிராங்கியரும் முஸ்லிம்களும் விளைச்சலைச் சரிபாதியாகப் பகிர்ந்து கொண்டனர். இரு தரப்பு மாடுகளும் கலந்து மேய்ந்தன. ஒருவர் மாட்டை மற்றவர் கவர்வதில்லை. வழியில் ஓங்கி நின்றது ஒரு கருவாலி மரம். அதற்குத் தராசு மரம் என்று பெயர். ஃபிராங்கியக் கொள்ளையர்க்கு அதுவே எல்லை. மரத்துக்கு முஸ்லிம் நாட்டுப் பக்கமாக ஒரு சாண் தொலைவேனும் தள்ளி அகப்பட்டவனைச் சிறைபிடிப்பர். ஃபிராங்கிய நாட்டுப் பக்கம் அகப்பட்டவனை விட்டுவிடுவர். கொள்ளையர்க்கும் ஓர் உடன்பாடு, அதற்கும் ஒரு நேர்மை! இப்னு ஜுபைர் இதனை எல்லைவாழ் மக்களின் விந்தைகளுள் ஒன்றாகக் குறித்துக் கொண்டார்.

திப்னீன் கோட்டையில் சாத்து நிறுத்தப்பட்டது. மற்ற நாட்டு முஸ்லிம்கள் வரியின்றிச் செல்ல, மேற்றிசையார்க்கு மட்டும் தலைக்கு ஒரு தீனாரும் ஒரு கீராத்தும் விதிக்கப்பட்டது. அதற்குக் காரணமும் கூறினர் ஃபிராங்கியர். முன்னர் மேற்றிசையார் தம் நாட்டில் தடையின்றி வந்து போயினர். பிறகு அவர்களுட் சிலர் சுல்தான் நூருத்தீனின் படையில் சேர்ந்து தம் கோட்டை ஒன்றைத் தாக்கினர். ஆகவே இது அதற்குரிய தண்டம் என்றனர். இப்னு ஜுபைர் சினம் கொள்ளவில்லை. தம் நாட்டு வீரர்கள் எதிரியை எவ்வளவு துன்புறுத்தியிருந்தால் இத்தண்டம் வந்திருக்கும் என்றெண்ணி, ஒருவகைப் பெருமிதத்தோடு காசை எண்ணிக் கொடுத்தார். அவருடைய குணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

திப்னீனுக்கும் அக்காவுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வாழ்ந்த உழவர்கள் யாவரும் முஸ்லிம்கள், ஆள்வோர் ஃபிராங்கியர். விளைச்சலிற் பாதியும், தலைக்கு ஒரு தீனார் ஐந்து கீராத்தும், பழ மரங்களுக்குச் சிறு தீர்வையும் கொடுத்துவிட்டால் வேறு தொல்லை இல்லை. வீடும் உடைமையும் அவர்களுடையனவே. அவ்வூர்களுள் ஒன்றில், ஃபிராங்கியரால் அமர்த்தப்பட்ட முஸ்லிம் தலைவர் சாத்து முழுமைக்கும் விருந்தளித்தார். இங்கேதான் இப்னு ஜுபைரின் உள்ளம் பெரும் போராட்டத்துக்கு உள்ளாயிற்று. முஸ்லிம் நிலக்கிழார்களின் கீழ் வாழும் உழவர்கள் கொடுமைக்கு ஆளாகி அல்லற்பட, எதிரியின் கீழ் வாழ்வோர் நீதி பெற்று நிம்மதியாய் இருப்பதைக் கண்டார். இது தம் மக்களின் ஈமானுக்கு ஒரு சோதனையாகும் என்றஞ்சினார். முஸ்லிம் சமுதாயத்துக்கு நேர்ந்த அவலங்களுள் ஒன்று எனவே இதனை எழுதிவைத்தார். எழுதாமல் விட்டிருக்கலாம். அரசவைச் செயலாளராக இருந்த ஒருவருக்கு எதை எழுதக்கூடாது என்பது நன்கு தெரியும். தெரிந்தும் எழுதினார்.

அக்காவின் சுங்கச்சாவடி இன்னும் பெரிய சோதனை. வாயிலின் முன்னே விரிப்பிட்ட திண்ணைகளில், பொன்வேலை செய்த கருங்காலி மைக்கூடுகளை முன்வைத்துக் கிறித்தவ எழுத்தர்கள் அமர்ந்திருந்தனர். அவர்கள் அரபியில் பேசினர், அரபியிலேயே எழுதினர். வணிகர் மூட்டைகளைப் பார்த்தனர்; வணிகம் செய்யாதோர் மூட்டைகளையும் மறைபொருள் உண்டோவெனப் பார்த்து, அவரவர் வழியே செல்லவிட்டனர். கடுமையின்றி, மரியாதையோடு அனைத்தும் நடந்தேறியது என்று இப்னு ஜுபைர் எழுதினார். அலெக்ஸாந்திரியாவின் பெயரை அவ்விடத்தில் அவர் எடுக்கவில்லை. நூலைத் தொடர்ந்து படித்து வருபவருக்கு எடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதனால் அவர் ஃபிராங்கியர்பால் மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று கருதுவது பெரும்பிழை. அவர்களுடைய நகரைக் குறிப்பிடும்போதெல்லாம் அது அழியட்டும் என்று வேண்டினார். தொழுநோயால் வாடிய அவர்தம் மன்னர் நான்காம் பால்டுவினை விலங்கின் பெயரால் இழித்துரைத்தார். நம் காலத்துப் படிப்பாளிக்கு அப்பக்கங்கள் கசக்கத்தான் செய்யும். நூறாண்டுப் போரின் நடுவே வாழ்ந்தவர் எழுத்து அது; அதை மறைத்துப் பதிப்பிப்பது அவருக்கும் வரலாற்றுக்கும் செய்யும் நன்மையன்று. அவர் சினத்துக்குக் காரணமும் இருந்தது. காலில் இரும்புத் தளையிட்ட முஸ்லிம் ஆண்களும் பெண்களும் அடிமைகளாய் உழைப்பதை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். டமாஸ்கஸ் வணிகர்களான நஸ்ர் இப்னு கவாம், அபுத்துர் யாகூத் என்னும் இருவர், ஆளில்லாத மேற்றிசைக் கைதிகளைத் தம் பொருள் கொடுத்து மீட்டு வந்ததை நன்றியோடு குறித்தார்.

ஆயினும் வெறுப்பு அவர் கண்ணை மறைக்கவில்லை. அக்காவின் பெரிய பள்ளிவாசல் தேவாலயமாக மாற்றப்பட்டிருந்ததையும், அதன் ஒரு மூலை முஸ்லிம்களின் தொழுகைக்கு விடப்பட்டிருந்ததையும் எழுதினார். நகருக்கு வெளியே மாட்டு ஊற்று எனப்பட்ட இடத்தில் இரு சமயத்தாரும் ஒரே வளாகத்தில் அவரவர் திசை நோக்கித் தொழுததை எழுதினார். ஸூர் எனப்பட்ட டயர் நகரில் ஃபிராங்கியத் திருமண ஊர்வலம் ஒன்று சென்றது. பட்டாடை தரையிற் புரள, பொன்னிழைத் தலையணியோடு மணமகள் நடந்த அழகைச் சொல்லும்போது அவருடைய உரைநடை கவிதையாகவே மாறிவிடுகிறது. உடனே தம்மைத் தாமே கடிந்துகொண்டு, அக்காட்சியின் மயக்கத்திலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடினார்.

1184 அக்டோபரில் அக்காவிலிருந்து தாயகம் திரும்பக் கப்பலேறினார். அதுவும் ஜெனோவாக் கப்பலே. பைத்துல் முகத்தஸ் சென்று திரும்பும் கிறித்தவ யாத்திரிகர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். முஸ்லிம்கள் தனி இடம் பிடித்துக் கொண்டனர். எதிர்க்காற்றில் இரண்டு மாதம் அலைந்து, உணவு குறைந்து, டிசம்பரில் சிசிலியின் மெஸ்ஸினா நீரிணையில் கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையிலிருந்து வந்த படகுக்காரர்கள் கூலி இல்லாதவரை ஏற்ற மறுத்தனர். அப்போது கரைக்கு வந்திருந்த சிசிலி மன்னர் இரண்டாம் வில்லியம், கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்கள் கரைசேர்வதற்காகத் தம் நாணயத்தில் நூறு காசுகள் கொடுக்க ஆணையிட்டார். ஒரு கிறித்தவ அரசரின் கருணையால் தம் சமுதாயத்தார் உயிர்பிழைத்ததை இப்னு ஜுபைர் இறைவனின் ஏற்பாடாகவே கண்டு நன்றியுடன் பதிந்தார்.

சிசிலி அவரைக் குழப்பிற்று. மன்னர் அரபி படிக்கவும் எழுதவும் அறிந்தவர்; சமையற்கூடத் தலைவர் முதல் மெய்க்காவலர் வரை முஸ்லிம்களையே நம்பியவர். பலர்மோ நகரில் கிறிஸ்துமஸ் நாளன்று கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல் முக்காடிட்டு மருதாணி பூசித் தேவாலயம் சென்றனர். திராபனி நகரில் நோன்புப் பெருநாளன்று முஸ்லிம்கள் முரசும் கொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குச் சென்று திரும்பினர். கிறித்தவர்கள் அதனைப் பொறுத்திருந்தது கண்டு வியந்தார்.

ஆனால் அரண்மனையின் உள்ளே வேறொரு செய்தி கேட்டார். மெஸ்ஸினாவில் அப்துல் மஸீஹ் என்னும் அரண்மனை அதிகாரி அவரை வரவழைத்தார். தம்மோடிருந்தவர்களுள் நம்பத்தகாதவரை வெளியேற்றிய பின்னரே மக்காவைப் பற்றி வினவினார். புனித இடங்களிலிருந்து கொண்டுவந்த ஏதேனும் ஒரு சிறு பொருளைத் தமக்குத் தருமாறு மன்றாடினார். பயணிகளோ தம் மார்க்கத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிக்கும் பேறு பெற்றவர்கள். அவரோ அதை நெஞ்சுக்குள் புதைத்து வாழ வேண்டியவர். திராபனியில் இன்னும் கொடியதைக் கேட்டார். சிசிலி முஸ்லிம்களின் தலைவராகிய இப்னு ஹம்மூத் செல்வம் பறிக்கப்பட்டு நின்றார். தாமும் தம் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டேனும் முஸ்லிம் நாடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஏங்கினார். பெரியவர் ஒருவர் தம் இளம் மகளைப் பயணி ஒருவருக்கு மணமுடித்து அனுப்பிவைக்க முன்வந்தார். மகளை இனிக் காணவே இயலாது என்றறிந்தும், தந்தையும் உடன்பிறந்தாரும் அப்பெண்ணும் அதற்கு இசைந்தனர். மன்னரின் நற்குணத்தைப் பல பக்கம் பாராட்டிய அதே பேனா, இந்தக் கண்ணீரையும் அருகிலேயே எழுதிற்று. இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அது எண்ணவில்லை.

அவர் அஞ்சியது வீண்போகவில்லை. 1189இல் வில்லியம் இறந்ததும் பலர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் சிசிலி முஸ்லிம்களை இத்தாலியின் லூசெரா நகருக்குப் பெயர்த்தனுப்பினார்.

1185 ஏப்ரல் 25ஆம் நாள் இப்னு ஜுபைர் கிரனடாவில் தம் இல்லம் சேர்ந்தார். இரண்டாண்டுக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தை அவர் சந்திர மாதக் கணக்கில் நாள்வாரியாக எழுதியதே புகழ்பெற்ற ரிஹ்லா நூல். ஹாலந்து நாட்டு லெய்டன் நகரிலுள்ள கையெழுத்துப் படியைக் கொண்டு வில்லியம் ரைட் என்னும் அறிஞர் 1852இல் அதனைப் பதிப்பித்தார். 1952இல் பிராட்ஹர்ஸ்ட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழில் முழுமையான மொழிபெயர்ப்புக்கு நம் அரபித் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து முயலலாமே என்பது என் நெடுநாள் ஆசை.

1187இல் ஸலாஹுத்தீன் பைத்துல் முகத்தஸை மீட்ட செய்தி கேட்டு மகிழ்ந்து, 1189இல் மீண்டும் கீழ்த்திசை சென்று 1191இல் திரும்பினார். அப்பயணம் பற்றிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் அக்கா நகரம் இருதரப்புப் பெரும்படைகளின் முற்றுகையில் சிக்கி, இறுதியில் மீண்டும் சிலுவைப் போராளிகளிடம் வீழ்ந்தது. கருங்காலி மைக்கூடுகளோடு எழுத்தர்கள் அமர்ந்திருந்த திண்ணைகளின் கதி என்னவாயிற்றோ!

பின்னர் மாலகா, சப்தா, ஃபாஸ் ஆகிய நகரங்களில் ஹதீஸும் இலக்கியமும் பயிற்றுவித்தார். துணைவியார் ஆத்திகாவின் மறைவு அவரை நிலைகுலையச் செய்தது. எழுபது வயதைக் கடந்த நிலையில் மூன்றாம் முறையாக மக்காவுக்குப் புறப்பட்டார். அங்கிருந்து பைத்துல் முகத்தஸ் சென்று, பின்னர் அலெக்ஸாந்திரியாவை அடைந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் மூட்டையைக் கொட்டிச் சோதித்த அந்தத் துறைமுக நகரிலேயே தங்கி, மாணவர்க்கு ஹதீஸ் கற்பித்து வந்தார். ஹிஜ்ரி 614 ஷஃபான் 27, கி.பி. 1217 நவம்பர் 29ஆம் நாள் அங்கேயே காலமானார். அடுத்த இருபத்தோராண்டில் அவர் பிறந்த பலன்ஸியா அரகோன் மன்னர் ஜேம்ஸின் கைக்கு மாறியது. எல்லை அவருடைய ஊரையும் கடந்து தெற்கே சென்றுவிட்டது.